பூட்டும் திறப்பும்: பழைய மோட்டார் வண்டியில் நான்கு காலங்கள்

பூட்டும் திறப்பும் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்ட இரு பொருள்கள். நூல்கள் திறவுகோல் என்று கூறுவதை ஈழத்துத் தமிழர் திறப்பு என்றே வழங்குவர். இன்ன திறப்புக்கு இன்ன பூட்டு இணங்கும், பிறிதொன்றுக்கு இணங்காது என்பதே அவ்வுடன்படிக்கையின் சாரம். அது நிலைக்கும்வரை எவரும் அதனைப்பற்றி எண்ணுவதில்லை. அது முறியும் நாளிலேதான் பூட்டு எத்துணை நுண்ணிய பொருள் என்பது தெரியவருகின்றது.

இருபது ஆண்டுகள் ஓடிய ஒரு காரை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் கையிலுள்ள தொலையியக்கியின் பொத்தானை அமுக்குகின்றார், கதவுகள் அசையவில்லை. அல்லது மூன்று கதவுகள் பூட்டிக்கொள்ள, நான்காவது வாளாவிருக்கின்றது. அல்லது நள்ளிரவிலே, எவரும் தீண்டாத வண்டி அயலையே எழுப்பும்படி அலறுகின்றது. திருத்துமிடத்துக்குக் கொண்டுசென்றால், "கொம்பியூட்டர் பழுது, பெட்டியையே மாற்றவேண்டும்" என்னும் விடை கிடைப்பதுண்டு. அப்பெட்டியின் விலை பழைய வண்டியின் விலையிற் கணிசமான பங்காகிவிடும். பெரும் பொருள் செலவிட்டு அதனை மாற்றிய பின்னரும் பழுது அப்படியே இருப்பதும் உண்டு. கதவுக் கீலின் அருகே அறுந்துபோன ஒரு செப்புக் கம்பிக்கு, எங்கோ இருந்த பெட்டி பழி சுமந்தது என்பது பின்னரே தெரியவரும்.

இத்தகைய வீண் செலவைத் தவிர்க்க வழி யாது? வழி வரலாற்றில் இருக்கின்றது. பழைய காரின் பூட்டு ஒரே காலத்திற் பிறந்த ஒரே கருவி போலத் தோன்றினும், உண்மையில் நான்கு காலங்களின் கண்டுபிடிப்புகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. முதலாவது, உலோகத்தின் காலம். இரண்டாவது, மின்கம்பியின் காலம். மூன்றாவது, கம்பியில்லா அலையின் காலம். நான்காவது, மறையெண்ணின் காலம். ஒவ்வொரு காலமும் தனக்குரிய காவலைத் தந்தது. தனக்குரிய பழுதையும் உடன்கொண்டு வந்தது. எந்தக் காலத்தின் உடன்படிக்கை முறிந்தது என்று கேட்கத் தெரிந்தவர், பழுதின் இருப்பிடத்தைப் பாதி கண்டவராவர்.

முதலில் உலோகத்தைப் பார்ப்போம். 1784 இல் ஆங்கிலேயரான யோசேப் பிராமா என்பவர் ஒரு புதிய பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் இலண்டன் பிக்கடில்லியிலிருந்த தமது கடையின் சன்னலில் அப்பூட்டைத் தொங்கவிட்டு, வேறு கருவியால் இதனைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எவராலும் அது திறக்கப்படவில்லை. 1851 இல் இலண்டனில் நடந்த பெருங் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஏ. சி. ஹொப்ஸ் என்னும் பூட்டுத் தொழிலாளி, 16 நாள்களில், மொத்தம் 50 மணிநேரத்துக்கு மேல் முயன்று அதனைத் திறந்துவிட்டார். ஆங்கிலேயரின் பெருமிதம் அன்று குலைந்தது.

அதே ஹொப்ஸ், அதே ஆண்டில், சப் என்னும் பெயர்பெற்ற பூட்டையும் அரைமணி நேரத்துக்குள் திறந்தார். இந்தச் சப் பூட்டு நம் பொருளுக்கு இன்றியமையாத ஒன்றாகும். 1817 இல் போர்ட்ஸ்மத் கப்பற்றுறையில் ஒரு களவு நிகழ்ந்தது. அதன் பின், தனக்குரிய திறப்பால் மட்டுமே திறக்கத்தக்க பூட்டு ஒன்று வேண்டுமென்று பிரித்தானிய அரசு போட்டி ஒன்றை அறிவித்தது. 1818 இல் ஜெரமையா சப் அத்தகைய பூட்டை அமைத்தார். தவறான கருவி உள்ளே நுழைந்து ஒரு நெம்பை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால், பூட்டு இறுகிக்கொள்ளும். உரியவர் வந்து தம் திறப்பை இடும்போது அது திரும்பாது. யாரோ கைவைத்திருக்கின்றார் என்பதை அவர் உணர்ந்துகொள்வார். காவல் மட்டுமன்றிச் செய்தியும் தரும் பூட்டு அது. இன்று காரிலே அலறும் அலாரத்துக்கு முன்னோன் இந்த ஓசையில்லாப் பூட்டே எனலாம்.

1860-களில் அமெரிக்கரான லைனஸ் யேல், சிறு ஊசிகள் வரிசையாக எழுந்து தாழும் உருளைப்பூட்டைச் செம்மைப்படுத்தினார். மெல்லிய தட்டையான திறப்பு அதனாற் பரவியது. கார்கள் பிற்காலத்தில் ஏற்ற சிறு உருளைப்பூட்டுகள், ஊசிகளுக்குப் பதிலாகப் பெரும்பாலும் மெல்லிய தகடுகளைக் கொண்டவையாயினும், அவற்றின் அடிப்படை எண்ணம் ஒன்றே. தொடக்கக்காலக் கார்கள் பல, கூரையும் பக்கச்சுவரும் இல்லாத திறந்த வண்டிகள். அவற்றுக்குக் கதவுப்பூட்டு இருந்தும் பயனில்லை. மூடிய கார்கள் பெருகியபோது களவும் பெருகியது. களவாடிய காரை ஒரு மாநிலத்திலிருந்து மறுமாநிலத்துக்குக் கொண்டுசெல்வதை மத்திய அரசின் குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்கா 1919 இலேயே இயற்ற நேர்ந்தது.

உலோகக் காலம் தரும் முதற் சோதனை மிக எளிது. தொலையியக்கி வேலைசெய்யாவிடின், திறப்பைக் கதவுத் துவாரத்தில் இட்டுக் கையால் திருப்பிப் பார்க்கவேண்டும். கை திருப்பியதும் ஓட்டுநர் கதவு மட்டும் திறந்து ஏனையவை அசையாவிடின், உலோகம் நலம். மின்சாரத்திலே குறை உண்டு. எல்லாக் கதவுகளும் ஒருங்கே திறந்தால், மின்கம்பிகளும் மோட்டார்களும் நலம். குறை அலையிலோ எண்ணிலோ இருக்கவேண்டும். கையால் திருப்பியே எல்லாக் கதவுகளையும் பூட்டத்தக்கதாய் அமைந்த வண்டிகளுக்கு, இவ்வொரு சோதனையே நான்கு காலங்களை இரண்டாகப் பிரித்துத் தந்துவிடுகின்றது. ஆயின் ஓர் இடையூறு உண்டு. ஆண்டுக்கணக்காகப் பொத்தானையே அமுக்கிப் பழகியவர்கள் திறப்பைத் துவாரத்தில் இடுவதே இல்லை. துவாரத்தினுள் தூசியும் துருவும் சேர்ந்துவிடும். பற்றரி முற்றாக இறந்து, திறப்பு ஒன்றே கதி என்னும் நாளில் அது திரும்ப மறுக்கும். மாதம் ஒருமுறையேனும் திறப்பால் திறந்து பூட்டுவது செலவில்லாத காவல்.

இரண்டாவது காலம் மின்கம்பியினுடையது. 1914 அளவிலேயே ஸ்கிரிப்ஸ்-பூத் என்னும் அமெரிக்கக் காரிலே மின்சாரத்தால் இயங்கும் கதவுப்பூட்டு அமைக்கப்பட்டது. எனினும் அது பரவவில்லை. 1956 இல் பக்கார்ட் கார்களில் அது மீண்டும் தோன்றி, பின்னர் விலையுயர்ந்த வண்டிகளிலெல்லாம் நிலைபெற்றது. ஜேர்மனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் சில வகைகளில் மின்சாரத்தை நாடாது, எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தைச் சிறு குழாய்கள் வழியே செலுத்திக் கதவுகளைப் பூட்டும் முறையைக் கையாண்டது. அம்முறையிலமைந்த பழைய வண்டிகளிற் கதவுகள் தயங்கித் தயங்கிப் பூட்டுமாயின், குழாயிலோ இறப்பர் மென்றகட்டிலோ காற்றுக் கசிவு உண்டென்று முதலில் ஐயுறவேண்டும். நோயின் குறி, நோயின் காலத்தையும் காட்டிவிடுகின்றது.

மின்முறையில் ஒவ்வொரு கதவிலும் ஒரு சிறு மோட்டார் உண்டு. அவற்றுக்கெல்லாம் கட்டளையிடும் பெட்டி ஒன்று வண்டியின் உடலில் இருக்கும். பெட்டியிலிருந்து கதவுக்குச் செல்லும் கம்பிகள், கீலின் அருகே மடிப்பு மடிப்பான ஓர் இறப்பர்க் குழாயின் உள்ளே செல்கின்றன. கதவு திறக்குந்தோறும் அவை வளைகின்றன, மூடுந்தோறும் நிமிர்கின்றன. நாளொன்றுக்குப் 10 தடவை என்று கொண்டாலும், ஆண்டொன்றுக்கு 3,650 தடவை. இருபது ஆண்டுகளில் 73,000 தடவை. செப்பு மென்மையானதே, எனினும் ஓயாத வளைவை அது பொறுப்பதில்லை. மேலுறை முழுமையாய் இருக்க, உள்ளே கம்பி அறுந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எக்குறையும் தோன்றாது. கதவு பாதி திறந்திருக்கையில் பூட்டு இயங்கி, மூடியபின் இயங்க மறுத்தால், அல்லது இதற்கு மாறாக நிகழ்ந்தால், அறுந்த கம்பியே காரணம் என்று பெரும்பாலும் துணியலாம். அறுந்த இடத்திற் புதிய, நெகிழ்வான கம்பித் துண்டை இணைத்தால் போதும். பெட்டி குற்றமற்றது.

இங்கு ஒரு பொதுவிதியும் கிடைக்கின்றது. ஒரு கதவு மட்டும் இயங்காவிடின், குறை அக்கதவின் மோட்டாரிலோ கம்பியிலோ இருக்கும். எல்லாக் கதவுகளும் ஒருசேர இயங்காவிடின், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றிலே குறை இருக்கும்: உருகி, பற்றரி, வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்ட நிலக்கம்பி, அல்லது கட்டளைப் பெட்டி. இவற்றுள் உருகியின் விலை மிகக் குறைவு. பெட்டியின் விலை மிக அதிகம். ஆதலின் உருகியை முதலிலும் பெட்டியை இறுதியிலும் சோதிப்பதே அறிவுடைமை. பூட்டிய கணமே கதவுகள் தாமாகத் திறந்துகொள்ளுமாயின், ஓட்டுநர் கதவின் பூட்டினுள் இருக்கும் சிறிய ஆளி பொய்ச் செய்தி அனுப்புகின்றதா என்று பார்க்கவேண்டும். கதவு மூடவில்லை என்று அது கூறின், பெட்டி அதனை நம்பித் திறந்துவிடும். பெட்டி தனக்குக் கிடைத்த செய்திக்கு ஏற்பவே நடக்கின்றது.

மூன்றாவது காலம் வானொலி நேயர்களுக்கு அயலானதன்று. 1880-களின் இறுதியில் ஜேர்மனியரான ஹேட்ஸ் மின்காந்த அலைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். 1898 இல் நிக்கோலா டெஸ்லா, கம்பியின்றித் தொலைவிலிருந்து இயக்கத்தக்க சிறு படகு ஒன்றுக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். தொலையியக்கியின் வரலாறு அங்கே தொடங்குகின்றது எனலாம். ஆயின் அலைக்கு ஓர் இயல்பு உண்டு. அது யாவர்க்கும் பொது. ஒலிபரப்புக்கு அவ்வியல்பே உயிர். பூட்டுக்கு அதுவே பகை.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று 1903 யூன் மாதத்தில் இலண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூசனில் நடந்தது. மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியைப் பேராசிரியர் பிளெமிங் சபையோர்க்கு விளக்கிக்கொண்டிருந்தார். கோர்ன்வாலிலுள்ள போல்டு நிலையத்திலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தி வந்துசேர இருந்தது. அதற்கு முன்னரே கருவி தானாகத் தட்டத் தொடங்கியது. வந்த சொல், எலிகள் என்பது. அது மீண்டும் மீண்டும் வந்தது. பின்னர் மார்க்கோனியை எள்ளும் வரிகளும் வந்தன. நெவில் மஸ்கலின் என்னும் மாயவித்தைக்காரர் அருகிலிருந்து அவ்வலைகளை அனுப்பியிருந்தார். பிறர் குறுக்கிட முடியாது என்று பறைசாற்றப்பட்ட முறையில் எவரும் குறுக்கிடலாம் என்பதைக் காட்டவே அங்ஙனம் செய்ததாக அவர் பத்திரிகையில் எழுதினார். அலைவழிப் பூட்டுக்கு எதிர்காலத்தில் நேரவிருந்த இடர் அன்றே வெளிப்பட்டுவிட்டது.

அமெரிக்க வீடுகளில் வண்டிக் கொட்டிலின் கதவைத் தொலையியக்கியால் திறக்கும் வழக்கம் வந்தபோது, ஒருவர் பொத்தானை அமுக்க அயலவரின் கதவு திறந்த வேடிக்கையும் நிகழ்ந்தது. கார்க் கதவுகளுக்கு இம்முறை சற்றுப் பிந்தியே வந்தது. பிரான்சு நாட்டின் ரெனோ நிறுவனம் 1982 இலே தனது புவேகோ என்னும் காரில் தொலையியக்கியுடன் கூடிய மையப்பூட்டைப் பொருத்தியது. அதனை அமைத்தவர் போல் லிப்ஷுட்ஸ். அவர் பெயரின் அடியாகவே பிளிப் என்னும் பெயர் அத்தொலையியக்கிக்கு ஏற்பட்டு, ஐரோப்பாவில் வழங்கலாயிற்று. அக்காலத் தொலையியக்கிகள் சில, தொலைக்காட்சியின் இயக்கியைப் போலச் செங்கீழ்க் கதிரைப் பயன்படுத்தின. அவற்றை வண்டியிலுள்ள கண்ணுக்கு நேராகப் பிடிக்கவேண்டும். பின்னர் வானொலி அலையே பெருவழக்காயிற்று.

இக்காலத்தின் பழுதைக் காண்பதற்கு, முதலில் இரண்டாவது திறப்பைத் தேடவேண்டும். இரண்டாவது திறப்புக்கு வண்டி இணங்குமாயின், குறை முதலாவது திறப்பிலேயே உள்ளது, வண்டியைத் தொடவேண்டியதில்லை. திறப்பினுள் இருக்கும் நாணய வடிவ மின்கலம் பெரும்பாலும் 3 வோல்ற்று அளவினது. ஓய்வில் அளந்தால் நல்ல அளவைக் காட்டி, பொத்தானை அமுக்கியதும் சோர்ந்துவிடும் கலங்களும் உண்டு. ஆதலின் புதிய கலத்தை இட்டுப் பார்ப்பதே சிறந்த சோதனை. அதன்பின்னும் பயனில்லையேல், பொத்தானின் அடியிலுள்ள ஈயப் பற்றாசு வெடித்திருக்கின்றதா என்று உருப்பெருக்குக் கண்ணாடியாற் காணவேண்டும். பல ஆண்டு அமுக்கியதாலும், கைதவறி விழுந்ததாலும் அது வெடிப்பதுண்டு. செங்கீழ்க் கதிர் கண்ணுக்குத் தெரியாதெனினும், பல கைப்பேசிகளின் ஒளிப்படக் கருவியினூடாக அது மங்கிய ஒளியாகத் தெரியும்.

அலைவரிசையும் நோக்கத்தக்கது. யப்பானிலும் வட அமெரிக்காவிலும் இத்தொலையியக்கிகளுக்கு 315 மெகாஹேட்ஸ் அளவும், ஐரோப்பாவில் 433.92 மெகாஹேட்ஸ் அளவும் பெருவழக்கு. உருவில் ஒன்றுபோல இருக்கும் இரு திறப்புகள் வேறு வேறு அலைவரிசையிற் பேசக்கூடும். யப்பானிலிருந்து வந்த வண்டிக்கு ஐரோப்பியத் திறப்பை வாங்கினால், அது எத்துணைப் புதியதாயினும் வண்டியின் செவிக்கு எட்டாது. பழைய யப்பானியக் கார்கள் நிறைந்த இலங்கையில் இது வெறும் ஏட்டறிவன்று. மேலும், ஒரே ஓர் இடத்தில் மட்டும் பூட்டு மறுத்து, ஏனைய இடங்களில் நன்கு இயங்குமாயின், குறை வண்டியிலன்று, அவ்விடத்திலே. அருகில் ஏதோ ஒரு கருவி அதே அலைவரிசையில் ஓயாது பேசிக்கொண்டிருக்கக்கூடும்.

நான்காவது காலம் மறையெண்ணினுடையது. தொடக்கத்தில் ஒவ்வொரு தொலையியக்கிக்கும் மாறாத எண் ஒன்று இருந்தது. எட்டுச் சிறு ஆளிகளால் அமைத்த எண்ணாயின், மொத்தம் 256 வகைகளே உண்டு. அதனினும் பெரிய குறை, அவ்வெண்ணை ஒருமுறை கேட்டுப் பதிந்துகொண்டவன் மறுமுறை அதனையே ஒலித்துக் கதவைத் திறந்துவிடலாம் என்பது. இதற்கு மாற்றாக, 1980-களின் நடுப்பகுதியில் தென்னாபிரிக்காவின் நனோரெக் நிறுவனத்திற் கிடியோன் கூன், வில்லெம் சிமித் ஆகியோர் கீலொக் என்னும் முறையை ஆக்கினர். 1995 இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதனை 1 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பொத்தானை அமுக்குந்தோறும் எண் மாறும். 429 கோடிக்கு மேற்பட்ட எண்களுள் அடுத்தது எது என்பதைத் திறப்பும் வண்டியும் மட்டுமே அறியும். பழைய எண்ணை மீள ஒலிப்பவனுக்குக் கதவு திறவாது.

இக்காவலே ஒரு புதுவகைப் பழுதையும் தந்தது. திறப்பு ஒவ்வோர் அமுக்குக்கும் ஓர் எண் முன்னே செல்கின்றது. வீட்டிலே குழந்தை அதனை விளையாட்டாக அமுக்கினால், வண்டி அதனைக் கேளாது. திறப்பு மட்டும் முன்னே சென்றுவிடும். கீலொக் முறையில், 16 எண்களுக்குள் முன்னே சென்றிருந்தால் வண்டி தானே பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேற் சென்றிருந்தால், அடுத்தடுத்து இருமுறை அமுக்கியதும் இரண்டும் மீண்டும் இணங்கும். அந்த எல்லையும் கடந்துவிட்டால், அல்லது வண்டி தன் நினைவை இழந்துவிட்டால், திறப்பை வண்டிக்கு மறுபடியும் அறிமுகஞ் செய்யவேண்டும். அதற்குரிய முறை வண்டிக்கு வண்டி வேறுபடும். பல வண்டிகளின் உரிமையாளர் கைநூலில் அது கூறப்பட்டிருக்கும். இங்கே எந்த உறுப்பும் கெடவில்லை. இரு நண்பரின் கணக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவே. இதற்காகப் பெட்டியை மாற்றுவது, கடிகாரம் பிந்தியதற்காக வீட்டை இடிப்பது போலாகும்.

எண்ணின் காலத்துக்குரிய மற்றொரு காவல், இமொபிலைசர் எனப்படும் எஞ்சின் தடை. 1986 இல் அமெரிக்காவின் கோர்வெற் காரில், திறப்பின்மேற் பதித்த ஒரு சிறு மின்தடையை வண்டி அளந்து பார்க்கும் முறை வந்தது. அதற்கு 15 அளவுகளே இருந்தன. பின்னர், திறப்பின் பிடிக்குள் மறைத்துவைத்த சில்லு ஒன்று வண்டியோடு எண் பேசும் முறை வந்தது. ஜேர்மனியிலே 1998 முதலும், பிரித்தானியாவிலே அதே ஆண்டு ஒக்டோபர் முதலும் புதிய கார்களுக்கு எஞ்சின் தடை இன்றியமையாததாக்கப்பட்டது. இச்சில்லுக்கு மின்கலம் தேவையில்லை; திறப்புத் துவாரத்தைச் சூழ்ந்துள்ள கம்பிச்சுருளே அதற்கு ஆற்றல் ஊட்டுகின்றது. ஆதலின் மின்கலம் இறந்த திறப்பும் எஞ்சினை இயக்கவல்லது. கதவு திறந்தும் எஞ்சின் இயங்காவிடின், அச்சில்லையும் சுருளையும் நோக்கவேண்டும். உடைந்த திறப்பின் மேலுறையை மாற்றுவோர், பழைய உறையோடு கடுகளவான அச்சில்லையும் குப்பையில் எறிந்துவிட்டு, வண்டி ஓடவில்லையே என்று வருந்துவதுண்டு.

இனி அலாரத்தின் அலறலைக் காண்போம். புலி வருகின்றது என்று பொய்யாய்க் கூவிய இடைச்சிறுவனின் கதையைத் தமிழ்ப் பிள்ளைகள் பாலர் வகுப்பிலேயே கேட்டிருப்பர். பொய்யாய் அலறும் அலாரத்துக்கும் அக்கதியே. அயலவர் செவிகொடுப்பதை விட்டுவிடுவர். உண்மைக் களவு நிகழும்போதும் எவரும் எழார். ஆதலின் பொய்யலறலைத் தீர்ப்பது வெறும் வசதிக்காகச் செய்வதன்று, காவலையே மீட்டுத்தருவது.

அலாரத்துக்குச் செய்தி கூறுவோர் பலர். கதவுகளின் ஆளிகள், பொனற் எனப்படும் எஞ்சின் மூடியின் ஆளி, வண்டியின் உள்ளே அசைவைக் காணும் கழியொலிக் கருவி என்பன அவற்றுட் சில. மூடியின் ஆளி மழைக்கும் சேற்றுக்கும் அருகில் இருப்பதால், அங்கே துரு சேர்வது இயல்பு. கழியொலிக் கருவி கண்ணாடியின் சிறு திறப்பால் நுழையும் காற்றையும், கூரையில் ஊரும் சிலந்தியையும் கள்வனென்று கருதிவிடக்கூடும். பல வண்டிகளில் உள்ளசைவுக் கருவியை மட்டும் ஓர் இரவுக்கு நிறுத்திவைக்கலாம். அங்ஙனம் நிறுத்திய பின்னும் அலறுமாயின், சிலந்தி குற்றமற்றது, ஆளிகளை நோக்கவேண்டும். பிரதான பற்றரி சோர்ந்திருப்பினும் அலறல் எழுவதுண்டு. ஆதலின் எந்த ஆளியையும் கழற்றுமுன் பற்றரியைப் பல்மானியால் அளந்துவிட வேண்டும். ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ற்று காட்டும்.

இவற்றினும் வியப்பானது சைரனின் உள்ளே இருக்கும் தனி மின்கலம். கள்வன் பற்றரியின் கம்பியை வெட்டினாலும் சைரன் ஒலிக்கவேண்டும் என்பதற்காகவே பல வண்டிகளில் அது வைக்கப்பட்டது. ஆண்டுகள் பல செல்ல அக்கலம் முதுமையடைந்து, கசிந்து, சைரனின் உட்சுற்றையே அரித்துவிடும். அப்போது எவரும் கம்பியை வெட்டாதிருக்கவும், வெட்டியதாக எண்ணிச் சைரன் நள்ளிரவில் அலறும். காவற்காரன் தன் நோயைத்தானே கள்வனென்று கூவுகின்ற நிலை அது. பழைய வண்டியின் காரணமற்ற அலறலுக்கு இதனை மறவாது சோதிக்கவேண்டும். எதைச் சோதிப்பினும், ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவை நாளேட்டிற் குறித்து வைத்தல் நன்று. மூன்றை ஒருங்கே மாற்றியவர், எது பழுதாயிருந்தது என்பதை ஒருபோதும் அறியார்.

இத்தனை வழிகளும் கல்வியறிவுள்ள எவருக்கும் விளங்கத்தக்கவை. எனினும் இவை வண்டிக்காரர் பலருக்கு எட்டாதிருப்பது ஏன்? பூட்டைப்பற்றிய அறிவு மறைவாகவே இருக்கவேண்டும் என்னும் பழங் கொள்கை இதற்கு ஒரு காரணம். 1851 இல் ஹொப்ஸ் பூட்டுகளைத் திறந்து காட்டியபோது, இது கள்வருக்குப் பாடம் சொல்லும் செயல் என்று பலர் சினந்தனர். கள்வர் தம் தொழிலை முன்னரே நன்கறிவர், அறியாதிருப்போர் பூட்டை விலைகொடுத்து வாங்கும் நல்லோரே என்னும் கருத்தே அவர் தரப்பின் மறுமொழியாயிற்று. 1853 இல் வெளிவந்த அவரது பூட்டு நூலிலும் அவ்வாதம் காணப்படுகின்றது.

அந்த வழக்கு முடிந்துவிடவில்லை. 2008 அளவில் ஜேர்மனியின் போகும் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் கீலொக் முறையின் குறைகளை வெளிப்படுத்தினர். 2013 இல், எஞ்சின் தடைச் சில்லு ஒன்றின் குறையை வெளியிட முனைந்த பிரித்தானிய, நெதர்லாந்து ஆய்வாளரை, வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் வேண்டுகோளின்படி இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் தடுத்தது. இரண்டு ஆண்டுகளின் பின், 2015 இல், ஒரே ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு அவ்வாய்வு வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்கரான சாமி கம்கார், 32 டொலர் செலவிலே செய்த சிறு கருவியால், மாறும் எண்ணையும் இடைமறித்துப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். மறைப்பு களவை நிறுத்தவில்லை. திருத்துவோரின் பக்கத்திலே, 2012 நவம்பரில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநில வாக்காளர், வண்டித் தயாரிப்பாளர் தம் திருத்தல் தகவல்களைச் சுதந்திரத் திருத்தகங்களுக்கும் உரிமையாளருக்கும் கொடுக்கவேண்டும் என்று பெரும்பான்மையாக வாக்களித்தனர்.

இவ்வறிவின் தேவையை இலங்கை மக்கள் தம் அனுபவத்தால் உணர்ந்துள்ளனர். 2020 இல் மோட்டார் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளும் பழைய வண்டிகளே குடும்பங்களைச் சுமந்தன. இறந்த ஒரு தொலையியக்கிக்காக, அறுந்த ஒரு கம்பிக்காக வண்டியைக் கைவிட எவராலும் இயலவில்லை.

ஆதலின் பழைய காரின் பூட்டு இணங்க மறுக்கும் நாளிற் பதறவேண்டியதில்லை. திறப்பு துவாரத்தில் திரும்புகின்றதா? பற்றரியும் உருகியும் நலமா? ஒரு கதவா, எல்லாக் கதவுகளுமா? இரண்டாவது திறப்பு என்ன கூறுகின்றது? எண்கள் இணக்கமாய் உள்ளனவா? உலோகம், கம்பி, அலை, எண் என்னும் வரிசையில் வினவிச் செல்லும்போது, மலிந்த சோதனைகள் முதலிலும் அரிய சோதனைகள் இறுதியிலும் தாமாகவே அமைந்துவிடுகின்றன. இவ்வினாக்களுக்குரிய விடைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச்சென்று திருத்துநரிடம் கொடுக்கும் உரிமையாளரிடம், பெட்டியை மாற்றவேண்டும் என்று எளிதிற் கூற எவரும் முன்வரார். நேர்மையான திருத்துநருக்கோ அத்தாள் அரைநாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.